பூட்டா, பாட்டா?

(ஏற்காட்டில் ஒரு கோடை மாலைப் பட்டிமன்றத்தில் ‘பாட்டே’ அணியின் இரண்டாம் பேச்சு. தலைப்பு: ‘நூறாண்டு கடந்த தோட்டத்துக் கோயிலைக் காக்கப் போடவேண்டியது பூட்டா, பாட்டா?’)

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, மே மாதத்திலும் குல்லாவைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் ஏற்காட்டு மக்களே, எங்கள் பேச்சைக் கேட்பதற்காகவே இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்ததாகச் சொல்லிக்கொண்டு, கையில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருக்கும் சேலத்து உறவினர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிப் பேராசிரியர் அண்ணன், “அந்தக் கோயில் ஒரு முதியவர், அவரை நிம்மதியாக ஓய்வெடுக்க விடுங்கள், மேளம் தட்டி எழுப்பாதீர்கள்” என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் அண்ணனை ஒன்று கேட்கிறேன். வீட்டுப் பெரியவர் ஓய்வெடுக்கட்டும் என்று அறைக்குள் விட்டு, வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால், அக்கம்பக்கத்தார் அதை மரியாதை என்றா சொல்வார்கள்?

நாம் பேசுவது எந்தக் கோயில் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காபித் தோட்டத்தின் மேட்டில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கிறிஸ்தவக் கற்கோயில். எண்பது பேர் உட்காரலாம். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. காபிக்குப் பின்னால் துரைமார் வந்தார்கள், துரைமாருக்குப் பின்னால் கோயில் வந்தது. இன்று துரை இல்லை. கோயில் இருக்கிறது. கதவில் ஒரு பூட்டு இருக்கிறது. சுவரெல்லாம் உண்ணிச்செடி.

நான் அந்தத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். சேலத்தில் அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். என் அப்பா கொத்தனார். அவர் வாயிலிருந்து அடிக்கடி வரும் ஒரு சொல்தான் இன்று என் வாதம்: “கட்டடத்தை இடிப்பது மழை இல்லை, ஒழுகுவதைப் பார்க்காத கண்.”

அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். இந்த மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டு மாமியார் வாய்த்த மருமகள் மாதிரி. ஒரு குரங்கு கூரையில் குதிக்கிறது. ஓர் ஓடு நகர்கிறது. உடையக்கூட இல்லை, நகர்கிறது, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் மழை இறங்கிக் கைமரத்தின் தலையில் உட்காருகிறது. அன்றைக்கே ஒருவர் பார்த்திருந்தால் ஏணி போட்டு ஏறி ஓட்டைத் தள்ளி வைத்துவிட்டு இறங்கலாம். கால் மணி நேர வேலை, ஒரு டீ செலவு. பார்க்க ஆள் இல்லை. இரண்டு மழைக்காலம் போகிறது. கைமரம் உளுத்துப்போகிறது. கைமரம் இறங்கினால் அது தாங்கிய ஓடுகள் மொத்தமாக இறங்கும். பிறகு தண்ணீர் சுவரின் தலையிலேயே விழும். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுந்த சுவர். மேலிருந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கினால் காரை கரையும், கல் கல்லாகப் பிரியும். இத்தனையும் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடக்கும். வெளியே பூட்டு மட்டும் பத்திரமாக இருக்கும்!

எங்கள் அணி கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சனிக்கிழமை மாலை அங்கே பத்துப் பிள்ளைகளுக்கு வயலின் வகுப்பு நடக்கட்டும். ஓடு நகர்ந்த அன்றே ஒரு பிள்ளையின் தலையில் ஒரு சொட்டு விழும். அவள் “டீச்சர், ஒழுகுகிறது!” என்று கத்துவாள். நடுவர் அவர்களே, அந்தக் கத்தலுக்குச் சமமான காவல்காரனை எதிரணி எந்தச் சந்தையில் வாங்கப் போகிறது?

பூட்டு காக்கும் அழகை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருமுறை மாணவிகளை அழைத்துக்கொண்டு பழைய கட்டடம் ஒன்றைப் பார்க்கப் போனேன். எந்த ஊர், எந்தக் கட்டடம் என்பது வேண்டாம். வாசலில் பெயர்ப் பலகை பளபளக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் எதிர்க்கடைக்காரரைக் காட்டினார்கள். அவர் இன்னொருவரைக் காட்டினார். அந்த இன்னொருவர் ஓமலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், சட்டைப்பையில் சாவியோடு. நாற்பது பிள்ளைகளும் சாவித்துவாரத்தில் ஒவ்வொருவராகக் கண்ணை வைத்து வரலாறு பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு பெண் என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு, “இருட்டு, டீச்சர்” என்றாள்.

அடுத்து, எதிரணி அக்கா புனிதத்தைப் பற்றிப் பேசினார். அவருடைய கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். சுற்றிலும் கல்லறைகள் இருக்கின்றன. ஒரு வயது முடியாத குழந்தையின் பெயர் பொறித்த கல்லும் உண்டு. அங்கே எவரும் கூத்தடிக்கக் கூடாது. வழக்கறிஞர் தம்பி ஒரு படி மேலே போய், வழிபாட்டு இடங்கள் பற்றிய 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்து வீசினார். 1947 ஆகஸ்ட் 15 அன்று இருந்த சமயத் தன்மை அப்படியே தொடரவேண்டும் என்கிறது சட்டம். தொடரட்டுமே தம்பி! கட்டடம் சபைக்கே சொந்தமாக இருக்கட்டும். பீடம் பீடமாகவே இருக்கட்டும், சிலுவை அதே இடத்தில் இருக்கட்டும், கிறிஸ்துமஸுக்கு ஆராதனை நடக்கட்டும். மற்ற நாட்களில் சபையின் சம்மதத்தோடு பிள்ளைகள் பாடட்டும். இன்றைய நிலவரப்படி அங்கே தவறாமல் கூடும் சபை வௌவால் சபை மட்டும்தான், அதுவும் தலைகீழாக.

பாட்டுக்கும் கோயிலுக்கும் என்ன பகை? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் பிறந்தவர். கர்நாடக ராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனை பாடினார். அந்தக் கீர்த்தனைகள் இன்றும் ஞாயிறுதோறும் ஒலிக்கின்றன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1912-இல் தொடங்கித் தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். அவர் சித்த மருத்துவர். மருந்து விற்ற காசில் வித்துவான்களை வரவழைத்துச் சாப்பாடு போட்டுச் சுருதியைப் பற்றி வாதாட வைத்தார். வயலின் வெள்ளைக்காரனோடு கப்பலேறி வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதை வாங்கி மடியில் சாய்த்துத் தமிழ்நாட்டுப் பிள்ளையாக்கிவிட்டார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? வந்த பொருளைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அது இன்று அருங்காட்சியகத்தில் ஒரு மரத்துண்டு.

இப்போது என் பாட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எதிரணி மூன்று பேரும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: “இருந்தபடியே காக்க வேண்டும்.” இருந்தபடி என்றால் எப்படி? என் பாட்டி அந்தத் தோட்டத்தில் பழம் பறித்தவள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே ஆர்மோனியம் வாசிப்பார்களாம். பாட்டி வேலிக்கு வெளியே, தெற்குப் பக்கச் சன்னலுக்கு நேராக இருக்கும் பாறையில் உட்கார்ந்து கேட்பாளாம். உள்ளே போகக் கூடாது என்று எவரும் பலகை எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். மொழி புரியாமல் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டாள். அந்த மெட்டில்தான் என் அப்பாவைத் தாலாட்டினாள், என்னையும் தாலாட்டினாள். எந்தப் பாமாலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள் சொல்கிறபடி ‘இருந்தபடியே’ காத்தால், நடுவர் அவர்களே, என் பாட்டி உட்கார்ந்த பாறையில்தான் என் மகளும் உட்காரவேண்டும். பாட்டிக்காவது சன்னல் திறந்திருந்தது.

சரி, தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

ஒலிக்கு வருகிறேன், இது என் பாடம். “கற்சுவரில் பாடினால் ஒரே இரைச்சலாக இருக்கும், மிருதங்கம் குழம்பிப் போகும்” என்றார் பேராசிரியர் அண்ணன். உண்மை. ஒத்துக்கொள்கிறேன். கல்லும் உயரமான கூரையும் ஒலியை விழுங்காது; திருப்பித் திருப்பி அனுப்பும். அதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். நீண்டு ஒலிக்கும் குழுப்பாட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் அது வரம்; துரிதமான சுவரத்துக்கும் பேச்சுக்கும் சாபம். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதே தொல்லை வந்தது. புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் ஒரு சொல் ஐந்து நொடிக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து அரங்கிலிருந்த இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து பரப்பிப் பரப்பி அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. மெத்தையைப் போலவே மனித உடம்பும் துணியும் ஒலியை விழுங்கும். நமக்கு மெத்தை எதற்கு? பவானி ஜமுக்காளம் பக்கத்தில்தானே நெய்கிறார்கள்! நான்கு ஜமுக்காளத்தைத் தரையில் விரித்து, இரண்டைப் பின்சுவரில் தொங்கவிட்டு, எண்பது பேரை உட்காரவைத்தால் கூடம் அடங்கும். ஆள் நிறைந்தால் அந்தக் கோயில் நன்றாகக் கேட்கும், ஆளில்லாவிட்டால் இரையும். இது என் அணியின் கருத்து இல்லை, அண்ணா, இயற்பியல்.

யார் பாடப் போகிறார்கள் என்றும் கேட்டார்கள். கிராமபோன் தட்டு வந்த புதிதிலேயே பாடிப் பதிவு செய்த சேலம் கோதாவரியின் ஊரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எடப்பாடிப் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து ஆடுகிறவர்கள் பகலில் பயிற்சி செய்ய ஒரு கூரை தேடுகிறார்கள். இந்த மலைக்கே சொந்தக்காரர்களான மலையாளி மக்கள் (கேரளத்து மலையாளி இல்லை, வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்) மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையேறுகிறார்கள். அவர்களில் பெரியவர்கள் பாடுவதைப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து கேட்க ஓர் இடம் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? சுற்றுலாப் பயணிக்குப் படகுத்துறை இருக்கிறது. ஊர்ப் பிள்ளைக்கு?

எதிரணி சொன்னதில் ஒன்றே ஒன்று என் தூக்கத்தைக் கெடுத்தது. “இன்று பாட்டு என்பீர்கள், நாளை வரவேற்பு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விடுவீர்கள்” என்றார் அக்கா. அந்தப் பயம் எனக்கும் உண்டு. முதலில் ஒரு பிறந்தநாள் விழா வரும். பிறகு ஏசி வேண்டும் என்பார்கள், ஏசி வந்தால் பொய்க்கூரை வேண்டும் என்பார்கள், தரையில் வழவழ டைல்ஸ் ஒட்டுவார்கள், சுவரில் சிமெண்டு பூசுவார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வரமுடியாமல் சுவரையே தின்னும். என் அப்பா சுண்ணாம்பை நாள் கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசுவார். எறும்பு மொய்க்காதா என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். அந்தக் கைப்பழக்கம் உள்ள கொத்தனார் கிடைக்கும்வரை வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பேன். ஆணி அடிக்கக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, பந்தி கூடாது. இவற்றை எழுதிச் சபையும் ஊரும் கையெழுத்துப் போடட்டும். எங்கள் அணித் தலைவருக்கு இந்தப் பந்தி விஷயத்தில் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, பரவாயில்லை.

லண்டனில் நடக்கவில்லையா என்று கேட்டால் “அது லண்டன்” என்று சிரிப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். அங்கே 1733-இல் கட்டிய செயின்ட் லூக்ஸ் கோயிலில் மண் இறங்கியதால் 1959-இல் மூடினார்கள், கூரையையும் பிரித்தார்கள். நாற்பது ஆண்டு வானம் பார்த்துக் கிடந்தது. லண்டன் சிம்பொனி இசைக்குழு அதை எடுத்து 2003-இல் ஒத்திகைக் கூடமாகவும் இசைப் பள்ளியாகவும் திறந்தது. நம் கோயிலில் கூரை இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. நாம் அவர்களைவிட வசதியான நிலையில் இருக்கிறோம், இந்த மழை வரைக்கும்.

லண்டன் வேண்டாமா? இன்றிரவு கீழே இறங்கும்போது ஏற்காடு சாலையில் பஸ் சன்னல் வழியாகப் பாருங்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். எத்தனை பாட்டு அங்கே பிறந்திருக்கும்! இன்று நமக்கு மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு. அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். வாசல் இருக்கிறது, நுழைவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, இதோ முடித்துவிடுகிறேன். நேற்று மாலை மேட்டுக்கு ஏறிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கிழக்குப் பக்கம் இரண்டு ஓடு நகர்ந்திருக்கிறது. ஏணி கொண்டுவருகிறேன் என்று கீழ் லைனில் ஒரு பையன் சொன்னான். கூரைக்கு மேலிருந்து தள்ளினால் உள்ளே விழுந்துவிடும், உள்ளிருந்து ஒருவர் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்றான். அடுத்துப் பேசவரும் எதிரணித் தலைவர் வேறெதுவும் சொல்லாவிட்டாலும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகட்டும்.