மெழுகில் எழுதியவர்

(கும்பகோணத்தில் ஒரு திரையிடலுக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். முதலில் மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வார்கள். விரல் நகம், காதுக் குழை எல்லாம் அந்த மெழுகிலேயே வந்துவிட வேண்டும். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தில்தான் உலோகம் இறங்கும். கோயிலில் கும்பிடுகிற யாரும் அந்த மெழுகைப் பார்த்ததில்லை. திரைக்கதை எழுதுகிறவரின் பிழைப்பும் இதுதான். அப்படி ஐம்பது வருஷத்துக்கு மேல் மெழுகு பிடித்த ஒரு அம்மாவைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இத்தாலிக்காரர், பெயர் சூசோ செக்கி தாமிக்கோ.

1914-இல் ரோமில் பிறந்தார். அப்பா எமிலியோ செக்கி பெயர் பெற்ற இலக்கிய விமர்சகர்; 1930-களின் தொடக்கத்தில் சினேஸ் என்ற படக் கம்பெனியின் தயாரிப்புப் பொறுப்பையும் பார்த்தவர். அம்மா ஓவியர். கணவர் இசை விமர்சகர், மாமனார் ரோமின் நாடகக் கல்விக்கூடத்தை நிறுவியவர். பிற்பாடு மகள்களும் சினிமாவுக்கே வந்தார்கள். நம் நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பாடம் தொடங்கும் முன்பே ராகம் காதில் விழுந்துவிடும் அல்லவா, அப்படி ஒரு வீடு.

ஆனால் அவரைத் தொழிலாக எழுத வைத்தது வீட்டு நிலைமை. ஓர் அமைச்சக அலுவலகத்தில் வேலை பார்த்தார், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தார். போர் முடிந்தபோது கணவருக்குக் காசநோய். சிகிச்சைக்காக அந்த மனிதர் சுவிட்சர்லாந்தில் இருந்தார். பிள்ளைகளை சூசோ எழுதித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1946-இல் முதல் படம் வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. எழுத நேரமாகிவிட்டதே என்று என்னிடம் வருத்தப்படுகிற பெண்களுக்கு இதை நான் எப்போதும் சொல்வதுண்டு.

சரி, இன்றைய படத்துக்கு வருவோம். 1948-இல் வந்த 'சைக்கிள் திருடர்கள்'. எழுதியவர்கள் வரிசையில் பல பெயர்கள் வரும், இவரும் அதில் ஒருவர். கதாநாயகனுக்குச் சைக்கிள் இருந்தால்தான் போஸ்டர் ஒட்டும் வேலை. அடகில் கிடக்கும் சைக்கிளை மீட்க மனைவி படுக்கை விரிப்புகளை உருவி அடகு வைக்கிறாள். கடை ஊழியர் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு அலமாரியில் ஏறுகிறார், ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார். அத்தனை உயரத்துக்கும் மற்ற வீடுகளின் மூட்டைகள்! ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் ஊரே அடகில் இருப்பது தெரிந்துவிடுகிறது. நடவுச் செலவுக்கு அண்டாவைத் தூக்கிப்போன வீடுகளில் பிறந்த நமக்கு யாரும் இதை விளக்க வேண்டியதில்லை.

சைக்கிளைப் பறிகொடுத்தவனே கடைசியில் இன்னொருவன் சைக்கிளைத் திருடப் போவது சூசோ கொடுத்த யோசனை. இதை எடுத்துவிட்டால் படம் ஒரு நல்லவனின் துன்பக் கதையாக நின்றுபோயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் இயக்குநர் விஸ்கோந்தியோடு கால் நூற்றாண்டு. 1963-இல் கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதான தங்கப்பனை வாங்கிய 'சிறுத்தை', சிசிலியின் ஒரு பெரிய மிராசுக் குடும்பம் மங்கிப்போகும் கதை. படத்துக்கு மூலமான நாவல், குடும்பத் தலைவரான பிரபுவின் சாவையும் தாண்டி 1910 வரை போகிறது. படமோ ஒரு நீண்ட நடன விருந்து முடிந்து அவர் தனியாக நடந்து போவதோடு நின்றுவிடுகிறது. சாவைக் காட்டவில்லை, ஆனால் அந்த நடையில் சாவு இருக்கிறது. நூறு வேலிக் கணக்குப் பேசிய வீடுகளின் பூட்டிய திண்ணையைப் பார்த்து வளர்ந்த நான் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கலங்கிப் போகிறேன். எதை எழுதாமல் விடுவது என்று தெரிந்தவர்கள் எழுதிய படம் அது.

1994-இல் வெனிஸ் திரைப்பட விழா சூசோவின் வாழ்நாள் சாதனைக்குத் தங்கச் சிங்கம் விருது கொடுத்தது. 2010-இல், தொண்ணூற்றாறு வயதில், ரோமிலேயே காலமானார்.

இனி நான் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. படத்தின் முடிவில் கூட்டம் அந்த அப்பாவைப் பிடித்துவிடும். பையன் பார்த்துக்கொண்டு நிற்பான். அதற்குப் பிறகு அவனுடைய கை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். தம்பி, விளக்கை அணைத்துவிடலாம்.