கோயில் வளவுக்குள்ள ஒரு மண் பாதை | மட்டக்களப்பு வ்லாக்

வணக்கம் உறவுகளே. இண்டைக்கு வேணுமெண்டுதான் மெதுவாக் கதைக்கிறன். ஹெட்போன் போட்டுக் கேட்டா நல்லம். நான் நிக்கிறது ஒரு கோயில் வளவு. முன்னால கெபியடியில ரெண்டு அம்மாமார் செபமாலை சொல்லிக்கொண்டிருக்காங்க. அவங்களைக் கமராவில எடுக்கமாட்டன், அந்தப் பக்கம் திருப்பவும்மாட்டன்.

எந்தக் கோயில் எண்டு பெயர் சொல்லேல்ல. பாதர் அப்பிடித்தான் கேட்டுக்கொண்டார். பெயரைச் சொன்னா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பைக் எடுத்துக்கொண்டு படம் எடுக்க ஆக்கள் வந்திடுவாங்க, மறுகா இஞ்ச அமைதியா நடக்கிற ஆக்களுக்கு இடமில்லாமப் போயிடும். மட்டக்களப்புக்குள்ள, வாவிக்கரையில இருக்கிற ஒரு பங்குக் கோயில் எண்டு மட்டும் வச்சுக்கொள்ளுங்க.

வாங்க, நடந்துகொண்டே கதைப்பம்.

பாதை இஞ்சதான் தொடங்குது, கோயிலுக்குப் பின்பக்கம், கிணத்தடியில. போர்ட் ஒண்டுமில்ல. ரெண்டு பக்கமும் உடைஞ்ச கூரை ஓட்டுத்துண்டுகளை நட்டு வரம்பு கட்டியிருக்காங்க, அவ்வளவுதான். அகலம் பாருங்க, ஒராள் நடக்கலாம், எதிர வாற ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்கி வழி விடலாம். இதை விட அகலமா வெட்டினா கதைச்சுக்கொண்டு போற பாதையாயிடும் எண்டு கோயிலைப் பார்க்கிற ஐயா சொல்றார். எனக்கு அது சரியெண்டுதான் படுது.

கீழ பாருங்க, கமராவைத் தாழ்த்திப் பிடிக்கிறன். கிறவலை மெல்லிசாப் போட்டு, தண்ணி தெளிச்சு, மட்டப்பலகையால இறுக்கியிருக்காங்க. அதுக்கு மேல சருகு. இந்தச் சருகை ஐயா கூட்டிறதில்ல. முந்தி இந்தப் பின்வளவு குப்பை எரிக்கிற இடம். கிழமைக்கு ஒருக்கா சருகைக் கூட்டிக் குவிச்சு நெருப்பு வைப்பாங்க, பொலித்தீனும் சேர்ந்து எரியும். இப்ப சருகு மரத்தடியிலயே கிடந்து உக்குது. விரலால கிண்டிப் பாக்கிறன். மேல காஞ்சு கிடக்கு, அதுக்குக் கீழ கறுப்பு மண், ஈரம். மழை பெஞ்சு கன நாளாச்சு, ஆனாலும் ஈரம் நிக்குது.

இதில ஒரு விசயம் மனசு விட்டுச் சொல்லணும். நம்மட பக்கத்தில இப்ப எந்தக் கோயில் வளவுக்குப் போனாலும் இன்டர்லொக் கல் பதிக்கிறாங்க. வெளிநாட்டில இருக்கிற பிள்ளைகள் காசு அனுப்புறாங்க, திருநாளுக்கு முதல் வளவு முழுக்கக் கல். பாக்க வடிவா இருக்கும், சேறு இல்ல, கார் நிப்பாட்டலாம். ஆனா கச்சான் எண்ட சூடான காத்து வீசிற காலத்தில, மத்தியானம் அந்தக் கல்லுக்கு மேல வெறுங்காலோட நடந்து பாருங்க. தோசைக்கல்தான். ஆரும் நிக்கமாட்டாங்க. பூசை முடிஞ்ச கையோட எல்லாரும் வாகனத்துக்கு ஓடிருவாங்க.

அதை விடப் பெரிய பிரச்சினை தண்ணி. மட்டக்களப்பு நகரம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில மணல்ல இருக்கிற ஊர். நம்மட கிணத்தில நல்ல தண்ணி வாறதே மாரி மழை மணலுக்குள்ள இறங்கி, கீழ இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசா ஒரு படையா நிக்கிறதாலதான். வளவு முழுக்கக் கல்லும் கொங்கிரீட்டும் போட்டா அந்த மழைத்தண்ணி ரோட்டுக்கு ஓடி, கானுக்குள்ள விழுந்து, வாவிக்குப் போயிடும். பிறகு கிணத்துத் தண்ணி சவர்க்குதெண்டு கவலைப்பட்டு என்ன செய்ய? கோயில் வளவுகள் நம்மட ஊர்ல இருக்கிற பெரிய வெறுங்காணிகள். அதுகளையாவது மண்ணா விட்டுவையுங்க எண்டு பங்குச் சபையில இருக்கிற அண்ணாமாரையும் அக்காமாரையும் கைகூப்பிக் கேக்கிறன். முன்வாசலுக்குக் கல் போடுங்க, வயசான ஆக்களுக்கு அது தேவை. பின்வளவை விட்டிடுங்க.

சரி, மரத்துக்கு வருவம். இது பூவரசு. எல்லாருக்கும் தெரிஞ்ச மரம், வேலிக்குப் போடுறது. கிட்ட வந்து பூவைப் பாருங்க. இந்தக் கொப்பில ரெண்டு பூ இருக்கு. இது மஞ்சள், நடுவில கருஞ்சிவப்புப் பொட்டு, இண்டைக்கு விரிஞ்சது. பக்கத்தில வாடித் தொங்குதே, அது மங்கின சிவப்பு. ரெண்டும் ஒரே சாதிப் பூதான். விரியக்குள்ள மஞ்சள், வாடக்குள்ள நிறம் மாறிடும். இந்த மரத்துக்குக் கீழ ஒவ்வொரு நாளும் போய் வாறம், ஆனா இதைப் பாக்க ஒரு ஆள் நிக்கிறதில்ல. நடைபாதை எண்டு ஒண்டு தேவைப்படுறது இதுக்குத்தான் எண்டு நான் நினைக்கிறன். பாதை இருந்தா கால் மெதுவாகுது, கால் மெதுவானா கண் தானா வேலை செய்யுது.

அங்கால நிக்கிறது வேம்பு, நல்ல பருமன். 1978 நவம்பர் 23, சூறாவளி. நம்மட அம்மம்மாமார் இண்டைக்கும் அதைத்தான் "புயல்" எண்டு சொல்லுவாங்க, வேற அடையாளம் தேவையில்ல. தென்னையெல்லாம் ஒரே இரவில படுத்திட்டு. இந்த வேம்பு புயலுக்கு முந்தினது எண்டு ஐயா சொல்றார். ஒரு பக்கக் கொப்பு முழுக்க முறிஞ்சு, மறுகா தளைச்சதாம். முறிஞ்ச இடத்தில பெரிய முண்டு. அதில இப்ப புலுனிகள் கூட்டமா வந்து நிக்கும். கேக்குதா? அந்தக் கீச்சல் அதுகள்தான்.

இந்த மதிலுக்கு அங்கால சேமக்காலை, செத்த ஆக்களை அடக்கம் பண்ற இடம். பாதையை வேணுமெண்டே இந்த மதிலோட கொண்டு போயிருக்காங்க. இதில ஒரு வாங்கு இருக்கு, தகப்பன்ட நினைவா ஒரு குடும்பம் போட்டது. பெயர் வாங்குக்குப் பின்பக்கம் சின்னதாத்தான் இருக்கு. நல்ல விசயம். இருக்கிற ஆள் தன்ர ஆளை நினைக்கட்டும்.

நடந்து செபிக்கிறது நமக்குப் புதுசில்ல. தவக்காலத்தில வெள்ளிக்கிழமை எண்டா சிலுவைப்பாதை. ஜெருசலேமுக்குப் போக ஏலாத ஆக்கள் தங்கட ஊர்லயே இயேசு நடந்த வழியை நடக்கட்டும் எண்டுதானே அது வந்தது. 14 நிலைகள் எண்டு நிலையாக்கினது பாப்பரசர் 12ஆம் கிளமெந்து, 1731இல. இஞ்சயும் மரத்துக்கு மரம் 14 சின்னச் சிலுவை நட்டிருக்காங்க, படம் இல்லாம, வெறும் மரச்சிலுவை, இலக்கம் மட்டும். மற்ற மாதங்கள்ல வாற ஆள் விரும்பினா நிண்டு செபிக்கலாம், விரும்பாட்டி கடந்து போகலாம்.

அதோட ஆயித்தியமலை. செப்டெம்பரில சதாசகாய மாதா திருநாளுக்கு மட்டக்களப்பில இருந்து வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பக்கம் ஆயிரக்கணக்கில சனம் நடந்து போகுது. சரியான வெயில், தார் ரோட்டு, கைப்பிள்ளையோடயும் போறாங்க. சைவ ஆக்கள் கதிர்காமத்துக்குக் காட்டு வழியா நடந்து போறாங்க. நடக்கிறது இந்த மண்ணில ஒரு பழக்கம். வருசத்தில ஒருக்கா எல்லாரோடயும் சேர்ந்து நீட்டுக்கு நடக்கிறது ஒண்டு. கிழமையில ஒரு பின்னேரம் தனிய, கிட்ட, சத்தமில்லாம நடக்கிறது இன்னொண்டு. ரெண்டாவதுக்கு நம்மட ஊர்ல இடம் குறைவு.

பிரான்சில சார்த்ர் எண்டு ஒரு பேராலயம் இருக்கு. அதுக்குள்ள, தரையிலயே, 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில கல்லால ஒரு சுழல்பாதை போட்டாங்க. குறுக்களவு 13 மீற்றருக்குக் கிட்ட. ஆனா அதுக்குள்ள சுத்திச் சுத்தி நடுவுக்குப் போய்ச்சேர 260 மீற்றர் அளவு நடக்கணும். வழி தப்பாது, ஒரே பாதைதான், முட்டுச் சந்து கிடையாது. இப்ப உலகத்தில கன இடங்கள்ல கோயில் வளவுகள்ல புல்லிலயும் கல்லிலயும் அதே மாதிரி போடுறாங்க. நமக்கு அதுக்குச் செலவே இல்ல. மணல் வளவு இருக்கு, ஓட்டுத்துண்டு இருக்கு, ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகள் இருக்காங்க. ஒரு சனிக்கிழமை போதும்.

எனக்கு இன்னும் பிடிச்சது எத்தியோப்பியா. அந்த நாட்டிட வடக்கில காடு கிட்டத்தட்ட எல்லாம் அழிஞ்சு வயலாயிட்டு. மிஞ்சினது எங்க தெரியுமா? கோயிலைச் சுத்தி. அங்க ஓர்தடொக்ஸ் கோயில்களைச் சுத்தி நிக்கிற மரத்தை வெட்டக்கூடாது எண்டது நம்பிக்கை. ஆகாயத்தில இருந்து எடுத்த படத்தைப் பாத்தா, மஞ்சள் வயலுக்கு நடுவில பச்சை வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்துக்கு நடுவிலயும் ஒரு கோயில் கூரை. மாடு உள்ள வந்து கன்றைத் தின்னாம இருக்க, வயல்ல கிடக்கிற கல்லைப் பொறுக்கி அந்த ஊர்ச்சனமே காட்டைச் சுத்தி மதில் கட்டிற்று. மாட்டுப் பிரச்சினை நமக்கும் இருக்கே! இஞ்ச பாருங்க, இந்த நாவல் கன்றுக்குச் சுத்திவரக் கம்பிக் கூடு. கூடு இல்லாம வச்ச கன்று ஒண்டும் தப்பேல்ல.

மெல்ல, இதில சரிவு. வாவிக்கு வந்திட்டம்.

இந்த இடத்தில ஒரு எச்சரிக்கை. இந்தா நிக்கிறது தில்லை மரம். அந்த ரெண்டு மூண்டு சிவப்பு இலையைப் பாருங்க, பழுத்தா இப்பிடித்தான் சிவக்கும், சரியான வடிவு. வடிவு எண்டு முறிச்சிடாதீங்க. முறிச்சா வெள்ளைப் பால் வரும், அது கண்ணில பட்டாப் பார்வைக்கே ஆபத்து, தோலும் வெந்துபோகும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வாற ஆக்கள் முதல்ல இதைக் காட்டிக் குடுங்க. இஞ்ச மட்டும் ஒரு போர்ட் வச்சிருக்காங்க, அது வேணும்.

அங்கால சேத்துக்குள்ள பென்சில் நட்டு வச்ச மாதிரி குச்சி குச்சியா நிக்குதே, அது கண்ணா மரத்திட வேர். சேத்துக்குள்ள காத்து இல்ல, அதால வேர் மேல வந்து மூச்சு விடுது. அதுக்கு மேல கால் வைக்காதீங்க. பாதையை இதுக்கு முன்னாலயே நிப்பாட்டினதும் அதுக்குத்தான். பாதை தண்ணி வரைக்கும் போகணும் எண்டு இளம் பிள்ளைகள் கேட்டாங்களாம், பாதர் மறுத்திட்டார். மீன்கொத்தி ஒண்டு அந்தத் தடியில இருக்கு, சூம் பண்ணுறன். இருக்கட்டும், கிட்டப் போகேல்ல.

இதில ஒரு நிமிசம் நிண்டு ஒண்டு சொல்லணும்.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. நம்மட மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சது கோயில் வளவுக்குள்ளதான். மறைக்கல்வி முடிஞ்சு வெளிய வந்து நிண்ட பிள்ளைகள் செத்துப்போனாங்க. அதுக்கும் முந்தி, 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில, புனித மரியாள் பேராலயத்துக்குள்ள நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் ஐயாவைச் சுட்டுக் கொலை செய்தாங்க. நம்மட ஊர்ல கோயில் வளவு எண்டா சும்மா ஒரு காணி இல்ல உறவுகளே. 2019க்குப் பிறகு கேற்றுகள் பூட்டுப்பட்டுது, பையைச் சோதிச்சாங்க, பூசை முடிஞ்ச உடன வளவைக் காலியாக்கினாங்க. அண்டைக்கு அது தேவைதான். ஆனா பூட்டின கேற் சில இடங்கள்ல பழக்கமாயே போயிட்டு.

இஞ்ச இந்தப் பாதை போட்ட பிறகுதான் பின்னேரத்தில கேற் திறந்திருக்கு. ஆர் வேணுமெண்டாலும் வரலாம், சைவமோ இஸ்லாமோ கேக்கிறதில்ல. போன மாதம் ஒரு அக்காவோட கதைச்சன். காணாமல் போன மகனைத் தேடிக்கொண்டிருக்கிற தாய். "வீட்டுக்குள்ள இருந்தா யோசினை சுவரில முட்டுது தங்கச்சி, இஞ்ச நடந்தாக் கொஞ்சம் மூச்சு வருது" எண்டு சொன்னாங்க. நான் ஒண்டும் கேக்கேல்ல. சேர்ந்து ஒரு சுத்து நடந்தம். துக்கம் இவ்வளவு இருக்கிற ஊர்ல, ஆரும் கேள்வி கேக்காம ஒரு ஆளை நடக்க விடுற இடம் எத்தினை இருக்கு? அந்தக் கணக்கில கோயில்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இது எண்டு நான் நம்புறன். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல எழுதின சுற்றுமடலில மண்ணிட அழுகையையும் ஏழைகளிட அழுகையையும் சேர்த்துக் கேக்கணும் எண்டு சொன்னார். இந்த வாவிக்கரையில நிண்டா அது நல்லா விளங்குது.

இப்ப, உங்கட பங்கில செய்யிறதெண்டா. செப்டெம்பர் 1இல இருந்து அசிசி பிரான்சிஸ் திருநாளான ஒக்டோபர் 4 வரை படைப்பின் காலம் எண்டு பல சபைகளும் கொண்டாடுது. அந்த மாதம் இஞ்ச மண் காஞ்சு கிடக்கும், பாதை வெட்டத் தோதான நேரம். பிறகு ஒக்டோபர் கடைசியில மாரி தொடங்கும், அப்ப கன்று வையுங்க, ஜனவரி வரைக்கும் தண்ணி ஊத்திற வேலை குறைவு. வேம்பு, புங்கை, நாவல், மருது, இலுப்பை வையுங்க. பூச்சாடிச் செடி வேணாம். பாதையை நேராப் போடாதீங்க, நிக்கிற மரத்தைச் சுத்தி வளைச்சுக் கொண்டு போங்க. சக்கர நாற்காலியில வாற ஆக்களுக்குக் கொஞ்சத் தூரமாவது இறுக்கின கிறவல்ல மட்டமா இருக்கட்டும். ஒலிபெருக்கியில பாட்டுப் போடாதீங்க, எவ்வளவு நல்ல பாட்டெண்டாலும். சிரட்டை, யோகட் கோப்பை கிடந்தாப் பொறுக்குங்க, மழைக்கு டெங்கு நுளம்பு வரும்.

நடக்க வாற ஆக்களுக்கும் ரெண்டு சொல்லு. பின்னேரம் நாலரைக்குப் பிறகு வாங்க, வெயில் தாழ்ந்திருக்கும். செருப்புப் போட்டுக்கொள்ளுங்க, சருகுக்குள்ள பாம்பு இருக்கும், இருட்டக்கு முதல் வெளிக்கிடுங்க. போனை சைலன்ட்ல போடுங்க. முதல் சுத்தில மனசு வீட்டையே சுத்திக்கொண்டிருக்கும், அதோட சண்டை பிடிக்காதீங்க, ரெண்டாவது சுத்தும் நடவுங்க.

அடுத்த வீடியோ அம்பாறைப் பக்கம், சொறிக்கல்முனைத் திருச்சிலுவைத் திருத்தலம். உங்கட ஊர்க் கோயில்ல கல் பதிக்காத பின்வளவு இருந்தா எழுதுங்க, பாதரிட்ட அனுமதி எடுத்துக்கொண்டு வாறன். நான் கமராவை நிப்பாட்டிட்டு இன்னொரு சுத்துப் போறன்.