முற்றுகைக்குள் வாங்கிய காணி

அன்பான நேயர்களே, உங்கள் எல்லாருக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாகட்டும்.

விசுவாசத்தையும் எதிர்நோக்கையும் அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று பேசும்படி கேட்டிருக்கிறார்கள். போர் நடந்து முடிந்த இந்த வன்னியில் இதைப் பேசுவது இலேசான காரியம் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பலர் பறிகொடுத்ததை நினைத்தால் வாயைத் திறக்கவே யோசிக்கவேண்டும். அதனால் வேதாகமத்தில் ஒருவர் காணி வாங்கிய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

எரேமியா ஆகமம், 32ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றிவளைத்து நிற்கிறது. நகரம் விழப்போகிறது என்று உள்ளதைச் சொன்னதற்காக எரேமியாவைக் காவலில் வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய ஒன்றுவிட்ட சகோதரன் அனமேல் வந்து, அனத்தோத்தில் இருக்கிற என் காணியை வாங்கிக்கொள் என்கிறார். நாடே எதிரியின் கையில் போய்க்கொண்டிருக்கிறது, சும்மா தந்தாலும் யார் வாங்குவார்கள்? எரேமியா வாங்கினார். 17 செக்கேல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். உறுதி எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, முத்திரையும் போட்டார். அது நெடுங்காலம் பழுதாகாமல் இருக்கவேண்டும் என்று மண்பாண்டத்துக்குள் வைக்கச் சொல்லித் தன் எழுத்தரான பாரூக்கிடம் கொடுத்தார். இந்த நாட்டில் மறுபடியும் வீடுகளும் வயல்களும் வாங்கப்படும் என்று ஆண்டவர் சொன்ன ஒரு சொல்லைத் தவிர அவர் கையில் வேறு எதுவும் இருக்கவில்லை.

எரேமியா யாரையும் ஏமாற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். நகரம் தப்பும் என்று அவர் சொல்லவில்லை. அது விழுந்தது, எரிந்தது. அது தெரிந்தபடியேதான் அவர் காசை எண்ணிக் கொடுத்தார். உறுதிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, மடியில் கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்து திரிந்த நம்முடைய அம்மாமாருக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இரணைதீவு இருக்கிறது. அந்தக் கத்தோலிக்கக் கடற்றொழில் சனங்கள் 1992இல் தீவை விட்டு வந்து, முழங்காவில் பக்கம் இரணைமாதா நகரில் குடியிருந்தார்கள். போர் 2009இல் முடிந்த பிறகும் ஊருக்குத் திரும்பிக் குடியேற வழி கிடைக்கவில்லை. 2017இல் போராட்டம் தொடங்கினார்கள். ஒரு வருடமாகியும் பதில் வராதபோது, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடிகளைக் கட்டிக்கொண்டு, குருமாரும் கூடவே வர, வள்ளங்களில் ஏறித் தங்கள் தீவில் போய் இறங்கினார்கள். தண்ணீர் வசதியும் கூரையும் கிடைக்கும்வரை காத்திருக்கவில்லை. செபமாலை சொன்ன அதே சனம்தான் வள்ளத்தையும் தள்ளியது. செபத்தையும் செயலையும் பிரித்துப் பேசுகிறவர்கள் அவர்களைப் போய்ப் பார்க்கவேண்டும்.

சரி, போரில் காணாமல் ஆக்கப்பட்டு இன்னும் திரும்பி வராதவர்களுக்காகக் காத்திருக்கிற குடும்பங்களுக்கு என்ன சொல்வது? அந்தக் குடும்பங்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். "எல்லாம் நன்மைக்கே, ஆண்டவரை நம்புங்கோ" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போவதை நான் விசுவாசம் என்று எண்ணமாட்டேன். 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் இருளில்தான் அது முடிகிறது. அதையும் செபமாகத்தான் வேதாகமம் வைத்திருக்கிறது. அப்படியானால் நாமும் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாமல், பக்கத்தில் இருந்து அவர்கள் சொல்வதைக் கேட்கலாம். பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுவதற்கு அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும்.

அப்புறம், காசு விஷயம். எரேமியாவின் நம்பிக்கை அவர் கையிலிருந்து போன வெள்ளியில்தான் தெரிந்தது. நம்முடையது வயல் கூலியில் தெரியும் என்று நினைக்கிறேன். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம். அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரல் இடுகிறது என்று யாக்கோபு தன் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். நம்முடைய ஊர்களில் ஒரே வெயிலில் நின்று ஒரே வயலில் வேலைசெய்தாலும் பெண்களுக்குக் கூலி குறைவாகத்தான் போகிறது. அவர்களில் எத்தனை பேர் புருஷனை இழந்து, நுண்கடன் தவணைக்காரர் வாசலுக்கு வரும் கிழமையை நினைத்துப் பயந்துகொண்டு வேலைக்கு வருகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துகிறோம், நல்லது. ஆனால் வருகிற காலபோக நெற்செய்கையில் வயல் வைத்திருக்கிற கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று பங்குச் சபையில் கூடிப் பேசித் தீர்மானிக்கலாம். விதைப்புக்கு முன்னமே தீர்மானித்தால், வேலைக்கு வரும் பெண்கள் அதை நம்பி வீட்டுக் கணக்கைப் போடலாம்.

கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.