சுகிஹாராவின் விசாவுக்கு அப்புறம் நடந்தது: போலந்துத் தூதர் ததேயுஷ் ரோமர்

வணக்கம் நண்பர்களே. சுகிஹாரா கதை உங்களில் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். 1940 கோடையில், லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் இருந்த ஜப்பானியத் துணைத் தூதர் சுகிஹாரா, மேலிடத்தின் பேச்சையும் மீறி ஆயிரக்கணக்கான யூத அகதிகளுக்கு விசா எழுதிக் கொடுத்தார். பெரும்பாலும் கதையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர் கொடுத்தது டிரான்சிட் விசா. ஜப்பான் வழியாக வேறு நாட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். சில நாட்கள் கழிந்தால் கிளம்பியாக வேண்டும். பலருடைய காகிதத்தில் போய்ச்சேரும் இடம் என்று கரீபியத் தீவான குராசாவ் இருந்தது. உண்மையில் அங்கே போக வழியே இல்லை. சரி, அப்புறம் அவர்கள் எங்கேதான் போனார்கள்? அவர்களுக்கு அலைந்து திரிந்து இடம் தேடிக் கொடுத்தது யார்?

திரையில் இருக்கும் இந்த வரைபடத்தைப் பாருங்கள். லிதுவேனியாவிலிருந்து சைபீரியா முழுக்க ரயில். விளாடிவோஸ்தோக்கில் கப்பல் ஏறி, ஜப்பானின் ட்சுருகா துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து கோபே நகரம். இப்படி வந்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் போலந்துக் குடிமக்கள், ஏறக்குறைய எல்லோருமே யூதர்கள். அவர்களுக்காக டோக்கியோவில் இருந்தவர்தான் ததேயுஷ் ரோமர்.

ரோமர் 1894-இல் பிறந்தார். பிறந்த ஊர் இன்றைய லிதுவேனியாவில்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் பாரிஸில் ரோமான் த்மோவ்ஸ்கி என்ற போலந்துத் தலைவருக்குச் செயலாளர், பிறகு வெளியுறவுப் பணி, இத்தாலி, போர்த்துகல். 1937-இல் ஜப்பானுக்கு வந்தார். அதே ஆண்டு அங்கிருந்த போலந்து அலுவலகம் முழுத் தூதரகமாக உயர்ந்ததால், ஜப்பானுக்கான முதல் போலந்துத் தூதரும் அவர்தான்.

இரண்டே ஆண்டுகளில் போலந்தை ஜெர்மனியும் சோவியத் யூனியனும் பங்கு போட்டுக்கொண்டன. அரசு நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் லண்டனிலிருந்து இயங்கியது. ஜப்பானோ 1940 செப்டம்பரில் ஜெர்மனியோடும் இத்தாலியோடும் ஒப்பந்தம் போட்டுவிட்டது. அப்படியும் டோக்கியோவில் போலந்துத் தூதரகத்தை உடனே மூடச் சொல்லவில்லை. கிடைத்த அந்த அவகாசத்தை ரோமர் வீணாக்கவில்லை.

அவர் கையில் இருந்தது ஒரு தூதருக்கான அதிகாரம் மட்டும்தான். செல்லுபடியாகும் காகிதம் இல்லாதவர்களுக்கு போலந்து பாஸ்போர்ட் கொடுக்கலாம். ஜப்பானிய அதிகாரிகளிடம் தங்கும் காலத்தை நீட்டிக் கேட்கலாம். மற்ற நாட்டுத் தூதரகங்களின் கதவைத் தட்டலாம். இதையெல்லாம் அவர் செய்தார். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாலஸ்தீனம், பர்மா, லத்தீன் அமெரிக்க நாடுகள் என்று இருபதும் முப்பதுமாகக்கூட இடம் கேட்டு வாங்கினார். அகதிகளுக்கு உதவ டோக்கியோவில் ஒரு குழு அமைத்தார். அதை முன்நின்று நடத்தியது அவர் மனைவி சோஃபியா. ஒரு விசா கிடைத்தால் ஒரு குடும்பம் பிழைக்கும் என்று தெரிந்து, மாதக்கணக்கில் கடிதம், தந்தி, சந்திப்பு என்று அவர் ஓயாமல் செய்த இந்த வேலைதான் அவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

1941 அக்டோபரில் தூதரகம் மூடப்பட்டது. இடம் கிடைக்காத சுமார் ஆயிரம் பேரை ஜப்பான் அதற்குள் ஷாங்காய்க்கு அனுப்பியிருந்தது. ரோமரும் ஷாங்காய்க்கே போனார். 1942-இல் ஜப்பானும் நேச நாடுகளும் தூதரகத்தாரைப் பரிமாறிக்கொண்டபோதுதான் அங்கிருந்து வெளியேறினார்.

ஓய்வு கிடைக்கவில்லை. அடுத்த பதவி, சோவியத் யூனியனில் தூதர். 1943 ஏப்ரலில் ரஷ்யாவின் காத்தின் காட்டுப் புதைகுழிகள் பற்றிய செய்தியை ஜெர்மனி வெளியிட்டது. அங்கே புதைந்திருந்தவர்கள், சோவியத் ரகசியப் போலீஸ் 1940-இல் சுட்டுக்கொன்ற போலந்து ராணுவ அதிகாரிகள். செஞ்சிலுவைச் சங்கம் விசாரிக்கட்டும் என்று லண்டனிலிருந்த போலந்து அரசு கேட்டது. ஏப்ரல் 25 நள்ளிரவு, சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் ரோமரைக் கூப்பிட்டு ஒரு குறிப்பை வாசித்தார். ஹிட்லரோடு நீங்கள் கைகோத்துவிட்டீர்கள், உறவு முறிந்தது என்பதுதான் அதன் சாரம். அந்தக் குறிப்பை வாங்க ரோமர் மறுத்தார். அதே இரவில் அது உறையில் போட்டு அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே வந்தது. அதையும் திருப்பி அனுப்பினார். எதிரே இருந்தது ஸ்டாலினின் அரசு என்பதை நினைத்துப் பாருங்கள்! கொலைகளைச் செய்தது தாங்கள்தான் என்று மாஸ்கோ ஒப்புக்கொள்ள 1990 ஆனது.

பிறகு ரோமர் லண்டன் அரசில் வெளியுறவு அமைச்சரானார். போலந்தின் கிழக்குப் பகுதி சோவியத்துக்கு என்று நேச நாட்டுத் தலைவர்கள் 1943 டெஹ்ரான் மாநாட்டிலேயே பேசி முடித்துவிட்டார்கள் என்பது 1944 அக்டோபரில் மாஸ்கோவில் அம்பலமானபோது, அவரும் அந்த அறையில் இருந்தார். அடுத்த மாதமே பிரதமர் மிகோவாய்ச்சிக்கோடு அவரும் பதவி விலகினார். போருக்குப் பின் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்தார். 1978-இல் மாண்ட்ரியலில் காலமானார்.

குராசாவ் என்று சொன்னேன் இல்லையா? அந்த வழியைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர் யான் ஸ்வார்ட்டென்டைக் என்ற டச்சுக்காரர். அவரும் கௌனாஸில் இருந்தவர்தான். அடுத்த வீடியோ அவரைப் பற்றி.