ஆய்வாளரின் முதல் ஆண்டு

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, இந்தப் பருவத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கையரே, அனைவருக்கும் வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களுக்கு நெறியாளராக இருந்து வருகிறேன். ஆய்வைப் பாதியில் விட்டுச் சென்றவர்களில், அறிவு போதாமல் நின்றவர் என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. நாட்கள் போவது தெரியாமல் போய், நான்காம் ஆண்டில் திரும்பிப் பார்த்து மலைத்து நின்றவர்களே மிகுதி. முதுகலை வரை பாட அட்டவணை, உள்மதிப்பீடு, பருவத் தேர்வு என்று யாரோ நம் நாளைப் பகுத்துக் கொடுத்துவந்தார்கள். ஆய்வில் சேர்ந்த மறுநாளே அந்த ஏற்பாடு நின்றுவிடுகிறது.

முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஆய்வுக்காலம் குறைந்தது 3 ஆண்டுகள், கூடினால் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டுகள் வரை பெறலாம். இந்தக் கணக்கு தலைப்பு உறுதியான நாளிலிருந்து அல்ல, சேர்க்கை நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. குறைந்தது 12 கிரெடிட் பாடப்பணியை முடித்து, தேர்வெழுதி, முடிவு வருவதற்குள் முதல் ஆண்டின் பெரும்பகுதி கழிந்துவிடும். அந்த மாதங்களை “ஆய்வு இன்னும் தொடங்கவில்லை” என்று எண்ணிக் கழிப்பதைப்போன்ற இழப்பு வேறில்லை. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நீங்கள் செய்த பணியை எடுத்துரைக்க வேண்டும் என்பதும் விதிதான். அதைச் சடங்காக்கிவிடாமல், கூட்ட நாளை முன்கூட்டியே கேட்டுப் பெற்று, அன்று பத்துப் பக்கமாவது எழுத்தில் கொடுப்பது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

“முழுவதும் படித்துவிட்டுப் பிறகு எழுதலாம்” என்று புதிய ஆய்வாளர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். படித்து முடிப்பது என்ற நிலை எந்தத் துறையிலும் வருவதில்லை. காலையில், கைபேசியைத் தொடுவதற்கு முன், ஒரு மணி நேரம் எழுதுங்கள். நேற்றுப் படித்த கட்டுரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று ஒரு பக்கம் எழுதினாலும் போதும். பின்னாளில் அந்தப் பக்கங்களிலிருந்துதான் இயல்கள் உருவாகும்.

குறிப்பெடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதோ என் கையில் இருக்கும் இந்த அட்டை, நான் ஆய்வாளராக இருந்தபோது ஓர் ஆவணக் காப்பகத்தில் எழுதியது. ‘கூலிக் குறைப்பு, மனு, 43 பேர் கைநாட்டு’ என்று பென்சிலில் இருக்கிறது. அரசாணை எண் இல்லை, துறையின் பெயர் இல்லை, நாள் இல்லை. என் மூன்றாம் இயலின் வாதம் முழுவதும் அந்த மனுவின் மேல் நின்றது. மீண்டும் காப்பகத்துக்குச் சென்று, கட்டுக்கட்டாகப் பிரித்துப் பார்த்து, பதினோராம் நாள் மாலையில்தான் அதைக் கண்டெடுத்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் இருக்கும் எண் அன்று எழுதியது. முதல் நாளே எழுதியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். இன்று நூல், கட்டுரை விவரங்களைச் சேமித்துவைக்கச் சோட்டிரோ (Zotero) போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் பக்க எண்ணை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பிறருடைய வாக்கியத்தை எடுத்தெழுதும்போது மேற்கோள் குறியையும் அப்போதே இடுங்கள். மூன்றாண்டு கழித்து அது உங்கள் வாக்கியமா, அவருடையதா என்று உங்களுக்கே தெரியாது; கருத்துத் திருட்டு குறித்த 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையோ பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையை மட்டுமே தண்டனையின்றி விடுகிறது.

பணத்தையும் பேசாமல் இருக்க முடியாது. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பிறகு மதிப்பீட்டின்பேரில் 42,000 ரூபாய். அது மாதச் சம்பளம்போல ஒன்றாம் தேதி கணக்கில் விழும் என்று எண்ணி வீட்டுக் கடன் தவணையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். முதல் தொகை வந்து சேர மாதக்கணக்கில் ஆவதுண்டு. நிலுவை மொத்தமாக வரும்போது, அடுத்த தாமதத்துக்கென ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள். உதவித்தொகை இல்லாதவர்கள் முதல் மாதமே நெறியாளரிடம் உண்மை நிலையைச் சொல்லிவிடுங்கள். கேட்க நாணி, மாலை நேர வேலையில் உடல் தேய்ந்து, ஆய்வையும் இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சொல்லியிருந்தால் ஏதேனும் வழி செய்திருப்போம்.

இங்கே பெண்கள் பலர் இருக்கிறீர்கள். ஆய்வுக்காலத்தில் திருமணமும் மகப்பேறும் வருவது இயல்பு. அதற்காக ஆய்வைக் கைவிட வேண்டியதில்லை. பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாட்கள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு; மறுபதிவுக் காலத்துக்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகையும் அதே 2022 ஒழுங்குமுறையில் இருக்கிறது. இவை தானாக வந்து சேர்வதில்லை. எழுத்து மூலம் விண்ணப்பித்து, அலுவலக முத்திரையுடன் நகலை வாங்கி, சேர்க்கை ஆணை இருக்கும் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் எழுதத் தயக்கமாக இருந்தால் என் அறைக்கு வாருங்கள், இருவரும் உட்கார்ந்து எழுதுவோம்.