கோபன்ஹேகனில் ஐந்து பேர்

தலைவர் அவர்களே, இசை அன்பர்களே,

ஜாஸும் ராக்கும் கலந்த இசை என்றால் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழு என்று இரண்டு பெயர்களோடு பேச்சை முடித்துவிடுகிறோம். அதே எழுபதுகளில் டென்மார்க்கில் ஒரு குழு இருந்தது: சீக்ரெட் ஆய்ஸ்டர்.

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஜாஸ் இரவல் சரக்கு அல்ல. டெக்ஸ்டர் கார்டன், பென் வெப்ஸ்டர் போன்ற அமெரிக்க மேதைகள் அந்த ஊரிலேயே வாழ்ந்து வாசித்தார்கள். அவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தே உள்ளூர் இளைஞர்கள் தேறினார்கள். பாஸ் கலைஞர் மாட்ஸ் விண்டிங் அப்படி வளர்ந்தவர். 1972இல் சீக்ரெட் ஆய்ஸ்டரில் அவரோடு சேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் கார்ஸ்டன் வோகலும் டிரம்ஸ் வாசித்தவரும் பர்னின் ரெட் ஐவன்ஹோ என்ற ராக் குழுவின் ஆட்கள். கிதார் கிளாஸ் போலிங். மின்பியானோ கென்னத் க்னுட்சன். வெவ்வேறு குழுக்களில் பெயர் வாங்கியவர்கள் ஒரே மேடையில் கூடினால் சண்டை வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் 1973இல் வந்த முதல் இசைத்தட்டைக் கேளுங்கள். சாக்ஸபோனும் கிதாரும் ஜோடி நாகஸ்வரம் போல ஒரே மெட்டைச் சேர்ந்து பிடிக்கின்றன. பிறகுதான் ஒருவர் விலகித் தனியாவர்த்தனத்துக்குப் போகிறார். அடியில் க்னுட்சனின் பியானோ தளும்பிக்கொண்டே இருக்கிறது. அக்காலத்து அமெரிக்கக் குழுக்கள் பலவற்றில் விரல்வேகம் முன்னால் நிற்கும். இவர்களிடம் மெட்டுதான் முன்னால் நிற்கிறது. இந்தத் தட்டு அமெரிக்காவில் 'ஃபர்டிவ் பேர்ல்' என்ற வேறு பெயரில் விற்பனையானது. ரசிகர் பாடு திண்டாட்டம்தான்!

பாஸும் டிரம்ஸும் வாசித்தவர்கள் மாறிய பின் 1974இல் வந்த 'சீ சன்' தட்டுதான் என் கணக்கில் உச்சம். 1975இல் பாலே நடனத்துக்கு இசையமைத்தார்கள். டேனிஷ் அரச பாலே குழு ராக் இசையை அதற்கு முன்பே ஏற்றிருந்தது. 1972இல் அதன் இயக்குநர் ஃபிளெமிங் ஃபிளிண்ட் தன் நடனத்துக்கு சாவேஜ் ரோஸ் என்ற டேனிஷ் ராக் குழுவை அழைத்திருந்தார். 1976இல் வந்த நான்காவது தட்டில் மெருகு கூடியது, முரட்டுத்தனம் குறைந்தது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அடுத்த ஆண்டே குழு கலைந்தது. ஆனால் மைல்ஸ் டேவிஸ் 1985இல் கோபன்ஹேகனுக்கு வந்து 'ஆரா' இசைத்தட்டைப் பதிவு செய்தபோது கீபோர்டு வாசித்தவர்களில் நம் க்னுட்சனும் ஒருவர். பழைய தட்டுகளை அமெரிக்க நிறுவனம் ஒன்று சி.டி.யாக வெளியிட்டது, 2007இல் பென்சில்வேனியாவின் நியர்ஃபெஸ்ட் இசை விழாவுக்காக இவர்கள் மறுபடி ஒன்றுகூடி வாசித்தார்கள்.