மடித்த தாளுக்குள் ஒரு கதை

(எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்கள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனி வணக்கம். இன்றைய பேச்சு முக்கியமாக உங்களுக்குத்தான்.

என் கையில் இருப்பது ஒரு வெள்ளைத் தாள். நடுவில் ஒருமுறை மடிக்கிறேன். திருவிழாவுக்கு வண்ணத்தாள் தோரணம் வெட்டியவர்களுக்கு இது பழகிய வேலை. கத்தரியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு தாளைத்தான் திருப்ப வேண்டும். அப்போதுதான் வளைவு பிசிறில்லாமல் வரும். வெட்டிக்கொண்டே பேசுகிறேன், பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

இப்படி வெட்டிக்கொண்டே கதை சொன்னவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். வாத்துக்குஞ்சு என்று எல்லோரும் விரட்டிய ஒன்று அன்னமாக வளர்ந்த கதையை நமக்குத் தந்தவர். 1805இல் டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர், அம்மா துணி வெளுப்பவர். கையில் காசில்லாத அந்த அப்பா, மகனுக்கு ஒரு சின்னப் பொம்மை நாடக மேடை செய்து கொடுத்தார். பொம்மைகளுக்குத் துணி வெட்டி, தைத்து, உடுத்தி விளையாடினான் பையன். 14 வயதில் நாடகக் கனவோடு கோபன்ஹேகன் போனான். பெரிய நடிகன் ஆகவில்லை. ஆனால் கத்தரி கையை விட்டுப் போகவே இல்லை.

பிற்காலத்தில் பேரும் புகழும் வந்தபின், விருந்துக்குப் போகும் வீடுகளில் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். பெரிய கத்தரி ஒன்றை எடுப்பார். வாய் கதை சொல்லும், கை வெட்டும். என்ன வெட்டுகிறார் என்று யாருக்கும் பிடிபடாது, தாள் மடிந்தல்லவா இருக்கிறது! கதை முடியும் நேரத்தில் விரிப்பார். கதை சொல்கிறவருக்கு "அப்புறம்?" என்ற கேள்வியைவிடப் பெரிய சொத்து இல்லை. அந்தக் கேள்வியைக் கடைசிவரை காப்பாற்றிக் கொடுத்தது ஒரு மடிப்பு.

உள்ளே என்ன இருக்கும்? ஒற்றைக்காலில் நிற்கும் நடனப் பெண்கள், அன்னங்கள், பனைபோன்ற மரங்கள். ஒரு காற்றாலை மனிதன்: உடம்பே ஆலை, அதில் ஒரு வாசல். தூக்குமரம்கூட உண்டு, தொங்குகிறவனோடு ஓர் இதயமும் சேர்த்து. பிள்ளைகளுக்கு என்பதால் சோகத்தை அவர் ஒளித்துவைக்கவில்லை. அந்த மரியாதைக்காகவே எனக்கு அவர்மேல் அத்தனை பிரியம்.

இதோ, என்னுடையது முடிந்துவிட்டது. விரிக்கிறேன்... ஆமாம், கைகோத்த இரண்டு பெண்கள்! ஒரு பெண்ணை மட்டும்தான், அதிலும் பாதியைத்தான் வெட்டினேன் என்று நினைத்தீர்கள், இல்லையா? மடிப்பின் ஓரத்தில் விரல்நுனி மட்டும் வெட்டாமல் விட்டேன். அங்கே கத்தரி பட்டிருந்தால் இருவரும் தனித்தனியே கீழே விழுந்திருப்பார்கள். எதை வெட்டுவது என்பதைவிட எதைத் தொடாமல் விடுவது என்பதில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது.

ஆசிரியர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நாம் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "இப்போது இதற்குப் படம் வரை" என்கிறோம். ஆண்டர்சனின் தாள்வெட்டுகளில் பெரும்பாலானவை அவருடைய அச்சான கதைகளுக்கு வரைந்த படங்கள் அல்ல. படமும் கதையும் அந்த அறையிலேயே, அந்தப் பிள்ளைகளின் முன்னாலேயே ஒன்றாகப் பிறந்தன. தயவுசெய்து ஒருநாள் வகுப்பில் அப்படிச் செய்துபாருங்கள்.

1859இல் மூன்று வயதுக் குழந்தை ஒருத்திக்காக, அவளுடைய தாத்தாவோடு சேர்ந்து வெட்டியும் ஒட்டியும் ஒரு முழுப் படப்புத்தகமே செய்து கொடுத்தார். 1874இல், உடல் தளர்ந்த காலத்தில், தன்னைப் பார்த்துக்கொண்ட மெல்கியோர் குடும்பத்துத் தலைவிக்காக ஒரு பெரிய தாளை வெட்டினார். மறு ஆண்டு ஆகஸ்டில் அந்தக் குடும்பத்தின் வீட்டில்தான் அவர் உயிர் பிரிந்தது.

ஊதினால் பறக்கும் அந்தத் தாள்களை வாங்கியவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதனால் நூற்றுக்கணக்கானவை இன்றும் இருக்கின்றன. ஆனால் வெட்டும்போது அவர் வாயால் சொன்ன கதைகள் அன்றைய மாலைகளோடு போய்விட்டன. அந்தக் காற்றாலை மனிதனின் வாசலைத் திறந்துகொண்டு யார் வெளியே வந்தார்கள்?

பிள்ளைகளே, அதை நீங்கள் சொல்லுங்கள். முனை மழுங்கிய கத்தரிகள் அந்த மேசையில் இருக்கின்றன, தாளும் இருக்கிறது. ஒவ்வொருவராக வாருங்கள்.